இயல்பான ஒலி எது?

வன்மையான ஒலியை ஒடுக்கி மென்மையானதோடு நெருங்கச் செய்யும் கம்ப்ரசர் பெடலைக் கிட்டாருக்குத் தேடுபவர் இயல்பான ஒலி கெடக் கூடாது என்கிறார். இயல்பு பொருளுக்குள் இருக்கிறதா, உறவில் இருக்கிறதா என்ற பழைய கேள்வி அதில் ஒளிந்திருக்கிறது. மின்கிட்டாரில் தீண்டப்படாத ஒலி என்று ஒன்று இல்லை. கம்பியின் அதிர்வு பிக்கப் சுருளில் மின்சாரமாகி, ஆம்ப்ளிஃபயரில் உருமாறித்தான் காதை அடைகிறது. உயிர் தான் சார்ந்ததன் தன்மையைப் பெறும், ஆனால் அதுவாகவே ஆகிவிடாது என்கிறது சைவ சித்தாந்தம். பெடலுக்கும் இதுவே சரியான அளவுகோல். சிப்காட் ஆலைகளும் பெங்களூரு நெடுஞ்சாலை லாரிகளும் சூழ்ந்த ஓசூரில், மெல்ல மீட்டிய சுரம் இரைச்சலில் மூழ்கிவிடும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் தொழிற்பகுதிக்கு 75 டெசிபலும் வரம்பாக வைத்திருக்கின்றன. அந்தச் சூழலில் ஒடுக்காத ஒலிதான் வாசிப்பவரின் மென்மையை இழக்கிறது.

அப்படியானால் எந்த ஒடுக்கலையும் இயல்பு என்று சொல்லிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. 4:1 ஒடுக்கல் விகிதத்தில், பெடலில் வைத்த வரம்பைத் தாண்டிய 8 டெசிபல் 2 டெசிபலாகச் சுருங்குகிறது; வன்மையும் மென்மையும் ஏறத்தாழ ஒன்றாகி, விரல் எடுத்த முடிவுகள் அழிகின்றன. 2:1 விகிதத்தில் அதே 8 டெசிபல் 4 ஆகிறது. வேறுபாடு குறைந்தாலும் நிற்கிறது. ஒடுக்கல் செயல்படத் தொடங்க எடுக்கும் அட்டாக் நேரத்தைச் சற்று நீட்டினால் மீட்டலின் முதல் தெறிப்பு ஒடுங்காமல் வெளிவரும். பிளெண்ட் குமிழ் உள்ள பெடல் மூல ஒலியையும் உடன் கலக்கிறது. குறைந்த விகிதம், நீட்டக்கூடிய அட்டாக், பிளெண்ட் ஆகிய மூன்றும் உள்ள பெடலையே தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்லத் தொட்டதும் அழுத்தித் தொட்டதும் கேட்பவருக்கு வேறு வேறாகவே ஒலிக்க வேண்டும்.