செல்லாக் காசு

தேய்ந்து மொழுக்கையாகிப்போன பழைய பிரிட்டிஷ் பென்னி ஒன்று கையில் கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? யார் காசு என்று பார்க்க, புளி போட்டுத் தேய்ப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். நாணயம் சேகரிப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். மிச்சமிருக்கிற அடையாளமும் புளியோடு போய்விடும்.

பெயரும் வருஷமும் அழிந்தாலும் கண்டுபிடிக்க வழி உண்டு. முதலில் எடை போடுங்கள். விக்டோரியா காலத்துச் செப்புப் பென்னி ஏறக்குறைய 19 கிராம். 1860-ல் வெண்கலத்துக்கு மாறியதும் பாதியாக இளைத்து 9.4 கிராம் ஆகிவிட்டது. தேய்ந்த காசு இன்னும் கொஞ்சம் குறையும். அடுத்து, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? வெண்கலப் பென்னியில் வலது பக்கம் என்றால் ஏழாம் எட்வர்ட் அல்லது எலிசபெத். இடது என்றால் விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ், மூவரில் ஒருவர். நிழல் மாதிரி ஒரு கொண்டை தெரிந்தால் விக்டோரியாதான், 1895-க்கு முந்தையது. முக்காடு போட்ட கிழவியாக இருந்தால் அதற்குப் பிந்தையது.

சரி, கண்டுபிடித்தாயிற்று. என்ன விலைக்குப் போகும்? பெரிசாக ஒன்றும் தேறாது. லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போவது 1933-ம் வருஷத்துப் பென்னி. அந்த வருஷம் நாட்டில் போதுமான பென்னி இருந்ததால் புழக்கத்துக்கு என்று அடிக்கவே இல்லை. கட்டட அஸ்திவாரக் கல்லுக்கு அடியில் வைக்கவும் மியூசியத்துக்குமாக ஏதோ விரல்விட்டு எண்ணுகிற அளவு அடித்தார்கள். அது ஒரு ரொட்டித் துண்டுகூட வாங்கிக் கொடுத்ததில்லை. அதற்குத்தான் ஏலத்தில் அடிதடி!

சேகரிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. அரிதாக இருப்பதற்கு விலை ஜாஸ்தி, அது சந்தை நியாயம். ஆனால், கடைத்தெருவுக்கு வேறொரு நியாயம் இருந்தது. 1960-களிலும் லண்டன் கடைகளின் சில்லறையில் விக்டோரியா காசு வந்துகொண்டிருந்தது. முகம் அழிந்துவிட்டதே என்று யாரும் முக்கால் பென்னிக்கு எடுத்துக்கொள்ளவில்லை. 240 பென்னி ஒரு பவுண்ட். புதுசு 240 கொடுத்தாலும் மொழுக்கை 240 கொடுத்தாலும் அதே பவுண்ட்தான். 1971-ல் தசம முறை வந்து, அந்த ஆகஸ்ட்டோடு செல்லாது என்று சர்க்கார் சொல்லும்வரை அது தன் வேலையைச் செய்தது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், சேகரிப்பவரின் தராசை எடுத்துக்கொண்டு வந்து நாம் மனிதர்களை நிறுக்கும்போது. கசங்காமல், யாருக்கும் எதற்கும் உதவாமல் பளபளவென்று இருப்பவருக்கு சபையில் முதல் நாற்காலி. நாலு பேருக்கு உழைத்து உழைத்து, முகம் மாறி, பேர்கூட யாருக்கும் ஞாபகமில்லாமல் வீட்டு மூலையில் உட்கார்ந்திருப்பவரை 'செல்லாக்காசு' என்கிறோம்.

யோசித்துப் பாருங்கள். செல்லாக்காசு எப்படி சார் தேயும்? கை மாறிக் கை மாறிச் சென்ற காசுதான் தேயும்.