ஓயாத இணைப்பு

பள்ளிக்கூடத்தில் திசுக்களை நான்காகப் பிரித்துப் படித்தோம். எபிதீலியத் திசு மூடுகிறது, தசைத் திசு அசைக்கிறது, நரம்புத் திசு உணர்ந்து ஆணையிடுகிறது, இணைப்புத் திசு இணைக்கிறது. தேர்வுக்கு அது போதும். முதல் மூன்றின் வேலையும் உடனே மனத்தில் பதிந்தது. கையைத் தூக்கினால் தசை, நெருப்புச் சுட்டால் நரம்பு, தொட்டுப் பார்த்தால் தோல். நான்காவதற்கு மட்டும் அப்படி ஒரு முகம் கிடைக்கவில்லை. எலும்பும் அதில் சேர்த்தி, இரத்தமும் அதில் சேர்த்தி, கொழுப்பும் தசைநாணும் அதில் சேர்த்தி என்று கேட்டபோது, மற்ற மூன்றிலும் அடங்காததையெல்லாம் இதற்குள் போட்டுவிட்டார்களோ என்றுதான் எண்ணத் தோன்றியது.

கண்ணுக்குத் தெரிகிற அசைவையே நாம் செயல் என்று மதிக்கிறோம். தாங்கி நிற்பதையும் சேர்த்துப் பிடிப்பதையும் செயலாகக் கருதும் பழக்கம் நமக்கில்லை. உடலைப் பற்றிய இந்த எண்ணம் உடலோடு நிற்பதுமில்லை. அதனால்தான் இந்த நான்காவது திசுவின் வாழ்க்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

திசு என்ற கருத்தே மருத்துவத்துக்குத் தாமதமாகத்தான் வந்தது. நெடுங்காலம் மருத்துவர்கள் உறுப்புகளைத்தான் பார்த்தார்கள்: இதயம், நுரையீரல், கல்லீரல். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் சேவியர் பிஷா என்ற இளம் மருத்துவர், இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்தபோது வேறொன்றைக் கண்டார். இதயத்தைச் சூழ்ந்த உறையும் நுரையீரலைச் சூழ்ந்த உறையும் குடலைப் போர்த்திய உறையும் இடத்தால் வேறானவை. ஆனால் இயல்பால் ஒன்றே. அழற்சி வந்தால் மூன்றும் ஒரே விதமாக நோயுறுகின்றன. அவர் நுண்ணோக்கியை நம்பியவரல்லர். வேகவைத்தும் உலர்த்தியும் ஊறவைத்தும் அமிலத்தில் இட்டும், வெறுங்கண்ணாலும் விரலாலுமே உடலின் திசுக்களைத் தரம்பிரித்தார். இருபத்தொரு வகை என்று எண்ணி 1801இல் நூலாக எழுதினார். அடுத்த ஆண்டே, முப்பது வயதில் மறைந்தார். பின்னால் வளர்ந்த நுண்ணோக்கி ஆய்வு அந்த இருபத்தொன்றை நான்காகச் சுருக்கியது. எண்ணிக்கை மாறினாலும் அவர் கண்டது மாறவில்லை: ஒன்றுக்கொன்று தொலைவில் கிடக்கும் உறுப்புகளுக்குள்ளும் ஓர் உறவு ஓடுகிறது, அந்த உறவின் வழியேதான் வாழ்வும் நோயும் நடக்கின்றன.

தோலின் மெல்லிய சீவலைச் சாயமேற்றி நுண்ணோக்கியின் அடியில் வைத்தால் மேல்விளிம்பில் ஊதாநிறக் கருக்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடமே கிடையாது. அது எபிதீலியம். சற்றே கீழே இறங்கினால் காட்சி மாறிவிடும். இளஞ்சிவப்புக் கற்றைகள் வளைந்தும் நெளிந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அவற்றின் நடுவே எங்கோ ஒன்று, எங்கோ ஒன்று என மெலிந்து நீண்ட ஊதாக் கரு தெரியும். அதுதான் ஃபைப்ரோபிளாஸ்ட் செல். சுற்றியிருக்கும் அத்தனை சிவப்பும் அது தனக்கு வெளியே சுரந்துவைத்த கொலாஜன்.

இணைப்புத் திசுவின் பெருமை இங்கே இருக்கிறது. மற்ற திசுக்களில் செல்லே முதன்மை. இதில் செல்லுக்கு வெளியே இருப்பது முதன்மை. செல் சிறுபான்மை, அது உண்டாக்கி இடைவெளியில் விட்டது பெரும்பான்மை. அந்த இழைகளுக்குத் தனியாக உயிர் கிடையாது. ஆனாலும் உயிருள்ளவை அனைத்தும் அவற்றைப் பற்றிக்கொண்டுதான் நிற்கின்றன. நம் உடலின் புரதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்தக் கொலாஜன்தான். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பதனிடப்பட்டு வரும் தோல் என்பதும், ரோமமும் மேல்தோலும் கொழுப்பும் கழிந்தபின் எஞ்சி நிற்கும் இந்தக் கற்றைகளின் பின்னலே. விலங்கு இறந்து ஆண்டுகள் கழிந்த பின்னும் காலுக்குச் செருப்பாகி உழைக்கிறதே, அந்த உறுதி செல்லுக்கு உரியது அன்று. செல்லுக்கு வெளியே இருந்ததற்கு உரியது.

அந்த உறுதியின் அமைப்பைக் கண்டு சொன்னது சென்னை. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரன், தம் மாணவர் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து கொலாஜனின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்தார். பக்கத்திலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் துணைநின்றது. கங்காருவின் வாலிலுள்ள தசைநாண் தெளிவான படத்தைத் தந்தது. மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்டிருக்கும் அமைப்பு அது என்று 1954இலும் 1955இலும் ‘நேச்சர்’ இதழில் இருவரும் எழுதினார்கள். அந்தத் தோல் நிறுவனத்தின் அரங்கம் ஒன்று இன்றும் ‘டிரிபிள் ஹெலிக்ஸ்’ என்றே பெயர் தாங்கி நிற்கிறது. மேல்நாட்டின் பேர்பெற்ற ஆய்வகங்கள் திணறிய கேள்விக்கு, பெரிய வசதிகள் இல்லாத காலத்துச் சென்னையிலிருந்து விடை போயிற்று என்பதை நம் பிள்ளைகளுக்கு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

அந்த அமைப்பில் ஒரு நுட்பம் என்னை வெகுநேரம் நிறுத்திவைக்கிறது. கொலாஜன் இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வந்தாக வேண்டும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. மூன்று இழைகளும் நெருங்கும் நடுப்பகுதியில் வேறெதற்கும் இடம் போதாது. ஒரே ஓர் இடத்தில் கிளைசினுக்குப் பதிலாகச் சற்றுப் பெரியது ஒன்று வந்து உட்கார்ந்தாலும் முறுக்கு அங்கே குலையும். தொட்டால் முறியும் எலும்போடு பிறக்கும் குழந்தைகள் பலரிடத்தில் காரணம் இதுவே. மூன்று பேர் இறுக அணைந்து நிற்பதற்கு நடுவில் இருப்பவர் தம்மைச் சிறிதாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் சிறுமையில்தான் ஓர் எலும்புக்கூட்டின் வலிமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இவ்வளவு உறுதியான ஒன்றை ஒருமுறை செய்துவைத்தால் போதும், அது என்றும் இருக்கும் என்றே நாம் நினைப்போம். வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 1740இல் ஜார்ஜ் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதியின் கப்பல்கள் பசிபிக் பெருங்கடலை நோக்கிப் புறப்பட்டன. ஆள் பற்றாமல், ஓய்வுபெற்ற முதிய படைவீரர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். கடலில் மாதங்கள் கழிந்தன. பச்சைக் காய்கனி இல்லை. ஸ்கர்வி நோய் பரவியது. புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவில்லை. 1748இல் வெளிவந்த அந்தப் பயண வரலாற்றில் ஒரு முதியவரைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அவர் 1690இல் அயர்லாந்தின் பாயின் ஆற்றங்கரைப் போரில் காயம்பட்டவர். அந்தக் காயம் விரைவிலேயே ஆறி, அதன்பின் எத்தனையோ ஆண்டுகள் நன்றாகவே இருந்திருக்கிறது. ஸ்கர்வி முற்றியபோது, ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அந்தப் புண் ஆறவேயில்லாததுபோல் மீண்டும் வாய்திறந்தது. பழைய எலும்பு முறிவு ஒன்று, கூடிய இடத்திலேயே மறுபடியும் விட்டுப்போயிற்று.

காரணம் இன்று நமக்குத் தெரியும். மூன்று இழைகளும் உடலின் வெப்பத்தில் குலையாமல் நிற்பதற்கு ஒரு வேதி மாற்றம் வேண்டும். அதற்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாதபோது புதிய கொலாஜன் நிலைப்பதில்லை. ஆனால் புதிதாக ஏன் வேண்டும்? ஐம்பது ஆண்டுக்கு முன் உண்டானது எங்கே போயிற்று? தழும்பு முடிந்துபோன வேலை என்று நாம் நினைப்பதுதான் தவறு. தழும்பின் கொலாஜன், காயம் படாத தோலினுடையதைவிட வேகமாக அழிந்துகொண்டும் மறுபடி உண்டாகிக்கொண்டும் இருக்கிறது. அழிவு ஒரு நாளும் நிற்பதில்லை; ஆக்கமும் நிற்காத வரையில் அழிவு நம் கண்ணில் படுவதில்லை. ஆக்கம் நின்றதும் அரை நூற்றாண்டின் கணக்கு ஒரே பயணத்தில் வெளியே வந்துவிட்டது.

அப்படியானால் அந்த முதியவரின் புண் 1690இல் ஆறிவிட்டது என்று சொல்வது எவ்வளவு மேலோட்டமான பேச்சு! அது அடுத்த ஐம்பது ஆண்டுகளும், அவர் உறங்கியபோதும் உண்டபோதும் போரையே மறந்திருந்தபோதும், ஒவ்வொரு நாளும் ஆற்றப்பட்டுக்கொண்டே இருந்தது. நலம் என்று நாம் அழைப்பது கைவசம் வந்து தங்கிவிட்ட பொருளன்று. அழிவு எவ்வளவு வேகத்தில் நடக்கிறதோ அவ்வளவு வேகத்தில் யாரோ, எங்கோ, நம் கவனத்தைக் கேளாமல் செய்துகொண்டிருக்கும் வேலையின் மறுபெயரே அது. இதை உடலின் அளவில் ஒப்புக்கொண்ட பிறகு, மனிதர் மனிதரோடு கொண்ட உறவுகளின் அளவில் மறுப்பதற்கு நமக்கு வழியில்லை. பிரிந்திருந்த அண்ணன் தம்பி ஒரு நாள் பேசிக்கொண்டார்கள், மனத்தாங்கல் தீர்ந்தது என்கிறோம். கலவரம் நடந்த ஊரில் ஒரு நாள் கூடிப் பேசி முடித்தார்கள், அமைதி திரும்பிவிட்டது என்கிறோம். ஒரு நாட்டில் ஒரு நாள் சட்டம் எழுதினார்கள், தீண்டாமை ஒழிந்தது என்கிறோம். கிராமத்து ஏரிக்கரையை அறிந்தவர்களுக்கு இந்த மயக்கம் வராது: கரை எழுப்பியவர் பெயர் கல்வெட்டில் இருக்கும், ஆனால் ஏரி நின்றது ஆண்டுதோறும் கூடை எடுத்து மண் அள்ளிப்போட்டவர்களால். காயம்பட்ட இடம் எதுவோ அதற்குத்தான் மற்ற இடங்களைவிட அதிக ஊட்டம், அதிக உழைப்பு, அதிக இடைவிடாமை தேவைப்படுகிறது என்பதும், அதை மறந்து வேறு திசையில் போகும் பயணத்தில் முதலில் பிளப்பது பழைய பொருத்துத்தான் என்பதும், தனிமனிதனுக்கும் சமூகத்துக்கும் ஒருசேரப் பொருந்தும் உண்மைகள்.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. பிடித்துவைப்பவை பிடித்துவைக்க, பிடித்துக்கொள்பவையும் பிடித்துக்கொள்ள வேண்டும். எபிதீலியத்தின் செல்கள் தமக்கு அடியிலுள்ள மெல்லிய படலம் ஒன்றைப் பற்றி நிற்கின்றன. அந்தப் பிடி விட்டுப்போன செல், உணவும் பிராணவாயுவும் குறைவின்றிக் கிடைத்தாலும், தன்னைத் தானே முடித்துக்கொள்ளும். இது தண்டனையன்று, இடம் தவறிய செல் கண்ட இடத்தில் வேரூன்றக் கூடாது என்று உடல் வைத்திருக்கும் ஒழுங்கு. புற்றாக மாறும் செல் இந்த ஒழுங்கைத்தான் மீறக் கற்றுக்கொள்கிறது. பிடியில்லாமலும் வாழ்கிறது, அடியிலுள்ள படலத்தைக் கரைத்து வெளியேறுகிறது. அந்தப் படலத்தைக் கடக்காத வரை நோயை முழுதாக அகற்றிவிடலாம் என்ற நம்பிக்கை மருத்துவருக்கு மிக அதிகம். கடந்துவிட்டால் அவர் பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. கட்டுகளே இல்லாத வளர்ச்சியைச் சுதந்திரம் என்று கொண்டாடுகிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

எல்லாத் திசுவுக்கும் காலம் ஒன்றுபோல் நடப்பதில்லை. குடலின் உள்வரிச் செல்கள் சில நாள்களில் உதிர்ந்து புதிதாகின்றன. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. எலும்பு ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பெருமூளைப் புறணியின் நரம்புச் செல்களோ நம்மோடு பிறந்து நம்மோடு முடிகின்றன. இதயத் தசை எலும்புக்கும் இந்த நரம்புச் செல்களுக்கும் நடுவே நிற்கிறது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பனை அளவுகோலாகக் கொண்டு 2009இல் சுவீடனின் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்: இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒன்று, எழுபத்தைந்து வயதில் அதில் பாதியளவு. அவ்வளவுதான் புதிய இதயச் செல்கள்.

ஆகவே மாரடைப்பில் மடிந்த தசைக்கு ஈடாகத் தசை வருவதில்லை. முதலில் துப்புரவுச் செல்கள் வந்து மடிந்ததை அகற்றுகின்றன. அந்த நாள்களில் இதயச் சுவர் மிகவும் பலவீனமாக இருக்கும். பிறகு ஃபைப்ரோபிளாஸ்ட்கள் வந்து இழை இழையாகக் கொலாஜனைச் சுரக்கின்றன. சில வாரங்களில் அந்த இடத்தில் வெண்மையான, உறுதியான தழும்பு அமைகிறது. அது சுருங்காது, துடிக்காது, ஒரு சொட்டு இரத்தத்தைக்கூட முன்னே தள்ளாது. ஆனால் சுற்றியுள்ள தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் எழும் அழுத்தம் முழுவதையும், நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை, கிழியாமல் ஏற்கிறது. மாரடைப்பிலிருந்து மீண்டு, மருத்துவர் சொன்ன கணக்கில் நடக்கத் தொடங்கியிருப்பவர் எவரும் அந்தத் தழும்பின் பலத்தில்தான் நடக்கிறார்.