வெறுப்பவனுக்காக வாதாடுவீரோ?

பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில், மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்க விழையும் இளந்தோழர்கள் பலரை நாம் அறிவோம். மேடையில் முழங்கிய நா நீதிமன்றத்திலும் முழங்காதா என்பது அவர்தம் எண்ணம். முழங்கட்டும், யார் வேண்டாமென்றது? ஆனால் மேடையிலே, மனம் ஒப்பியதைப் பேசுகிறோம். நீதிமன்றத்திலே?

குற்றஞ்சாட்டப்பட்டவன் குற்றவாளியே என்று தாம் கருதினாலும், வழக்கறிஞர் அவனுக்காக வாதாட வேண்டும் என்கிறது இந்திய பார் கவுன்சிலின் விதி. போதிய சான்றின்றி எவரும் தண்டிக்கப்படலாகாது என்பதே காரணம். தனிக் காரணமிருந்தால் வழக்கை ஏற்க மறுக்கலாம். வெறுப்பு மட்டுமே அதற்குப் போதுமா?

கசக்கிறதல்லவா? சாதிவெறியால் கொலை செய்தான் எனப்படுபவன் வழக்குக் கட்டை நீட்டினால், வாங்குவதா என்று குமுறுவீர்கள். குமுறல் நியாயமானதே. ஆயினும் கோவையில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மோதல் வழக்கொன்றில் குற்றஞ்சாட்டப்பட்ட போலீசாருக்காக எவரும் வாதாடக்கூடாதென வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அத்தகைய தீர்மானங்கள் செல்லா, அரசியல் சட்டத்தின் 22(1)ஆம் பிரிவுக்கு முரணானவை என்று 2010இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. ஊர்கூடி ஒருவனை ஒதுக்கிவைப்பதைக் கண்டிக்கும் நாம், கறுப்பங்கிகள் கூடி ஒதுக்கிவைத்தால் கைதட்டுவதா? இன்று போலீஸ்காரன், நாளை, நாதியற்ற ஏழை!

விண்ணப்பிக்குமுன், உங்கள் ஊர்க் குற்றவியல் நீதிமன்றத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். கூண்டில் நிற்பவனுக்காக எழுந்து பேசும் வழக்கறிஞரைக் கவனியுங்கள். அந்த இடத்தில் நிற்க மனம் ஒப்பினால், மனுவை எழுதுங்கள்.