திறந்துவிட்ட தண்ணீர் யாருடையது?

நாகப்பட்டினம் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கும் நண்பர் ஒருமுறை சொன்னார்: "அறுவடை முடிஞ்சு மதகத் தொறந்து விட்டாச்சுன்னா, அப்புறம் அது யாரு தண்ணி? கடல் தண்ணிதானே!"

சாதாரணமாகச் சொன்னதுதான். எனக்குத்தான் அது மனதைவிட்டுப் போகவில்லை.

குட்டைத் தண்ணீரில் தின்னாமல் மிஞ்சிய தீவனமும் இறாலின் கழிவும் அம்மோனியாவும் கலந்திருக்கும். அது உப்பனாற்றில் இறங்கி, கொஞ்ச தூரத்தில் இன்னொருவர் மோட்டார் போட்டு இழுக்கும் தண்ணீராகிறது. தொண்ணூறுகளின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் கிழக்குக் கடற்கரைக் குட்டைகளைச் சூறையாடியபோது, அது பரவிய வழிகளில் ஒன்று இப்படிப் பொதுவில் ஓடிய தண்ணீர். வெளியே விட்டது நம்மைவிட்டுப் போய்விடுவதில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் பலமுறை முகம் மாற்றியிருக்கிறது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், பாரம்பரிய முறைகள் தவிர்த்த இறால் பண்ணைகள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் கூடாது என்றது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. 2005இல் வந்த சட்டம் ஓர் ஆணையத்தை அமைத்து, பதிவு செய்துகொண்டு நடத்தலாம் என்றது. பதிவில்லாமல் நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை. 2023 திருத்தம் சிறையை எடுத்துவிட்டு அபராதத்தை வைத்தது. கூடவே, மண்டலத்துக்குள் இந்தத் தொழில் அனுமதிக்கப்பட்டதே என்றும், 2005 முதலே அப்படித்தான் என்றும் முன்தேதியிட்டுச் சொன்னது.

சிறை போனதில் எனக்கு வருத்தமில்லை. கடன் வாங்கி இரண்டு ஏக்கரில் குட்டை வெட்டியவரை ஜெயிலில் போட்டு எந்தக் கடலும் சுத்தமாகப் போவதில்லை. நாளை என்ன ஆகுமோ என்ற பயத்திலேயே ஒருவர் வருஷக்கணக்கில் தொழில் செய்வதும் நியாயமில்லை.

என்னை உறுத்துவது அந்த முன்தேதிதான். "இனிமேல் செய்யலாம்" என்பது அனுமதி. "செய்ததற்குத் தண்டிக்க மாட்டேன்" என்பது அரசு தரக்கூடிய சலுகை. இரண்டையும் கொடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் "அப்போதும் அது தப்பில்லை" என்று சொல்லும்போது, கிணறு உப்பாகிப் போனவரின் குறையையும் சேர்த்து அழித்துவிடுகிற மாதிரி இருக்கிறது. மன்னிக்கிற உரிமை பாதிக்கப்பட்டவருக்கு மட்டும்தானே? அவர் சார்பில் வேறொருவர் எப்படிக் கணக்கை முடிக்க முடியும்?

"அப்போ லைசென்ஸ் எதுக்கு?" என்று கேட்பீர்கள். லைசென்ஸ் அரசுக்கும் நமக்கும் நடுவே இருக்கிற ஒப்பந்தம். நமக்கும் பக்கத்துக்காரருக்கும் நடுவே இருப்பதை அது தீர்ப்பதில்லை. காகிதம் கையில் இருப்பதாலேயே அழுக்குத் தண்ணீர் தெளிந்துவிடாது.

அதே நண்பர் மதகைத் திறக்கும் முன் கீழ்ப்பக்கத்துக் குட்டைக்காரருக்கு போன் போடுவார். "இன்னிக்கு ராத்திரி திறக்குறேன், மோட்டாரை நிறுத்திக்கங்க." இது சட்டத்துக்குப் பயந்து செய்வதில்லை. யார் தண்ணி என்று அவருக்கே தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

கழிமுகச் சேற்றில் கைவிட்டு நண்டு பிடிக்கும் அம்மாவின் நம்பர் மட்டும் அவரிடம் இல்லை.