மிச்சம் வைக்காத கேசட்

ஒரு வேலையை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்தே அதன் மதிப்பைச் சொல்லப் பழகிவிட்டோம். வாசலில் போட்ட கோலத்துக்குக்கூட இன்று ‘லைக்’ எண்ணுகிறோம். அப்படியானால் கேட்பாரில்லாத உழைப்புக்குப் பெறுமதியே கிடையாதா? திருச்செந்தூரில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது, எங்கோ தொலைவில் பதிவான ஒரு கேசட்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வேமவுத் என்றோர் ஊர். அங்கே இளைஞர்கள் சிலர் ‘சீஜ்’ என்ற பெயரில் குழு வைத்திருந்தார்கள். ஹார்ட்கோர் பங்க்கின் வேகமும் ஹெவி மெட்டலின் கனமும் சேர்ந்தது அவர்கள் இசை. அன்றைக்கு இருந்த வேகமான குழுக்களையெல்லாம் தேடிக் கேட்டு, அவற்றைவிட வேகமாக வாசிப்பது என்று முடிவெடுத்தார்கள். 1984-ல் பாஸ்டன் ஸ்டூடியோ ஒன்றில் ஆறு பாட்டுகளைப் பதிந்தார்கள். ‘டிராப் டெட்’ என்ற அந்த டெமோ, கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பிரதியாகி, தபாலில் கைமாறியே பரவியது. குழு வெகு சீக்கிரம் கலைந்தது.

முதல் ஐந்து பாட்டுகளும் சட்டென்று பாய்ந்து சட்டென்று முடிந்துவிடும். டிரம்ஸ் எங்கே நின்று மூச்சு வாங்குகிறது என்று தேடினால் இடமே அகப்படாது. பாடகர் கெவின் மஹோனி தொண்டை கிழியக் கத்துகிறார். கடைசிப் பாட்டு நேர் எதிர். ஏறத்தாழ ஏழு நிமிடம், தேர் நகர்வதுபோல் கனத்து நகரும். ஊடே சாக்ஸபோன் அலறும். வாசித்தவர்கள் தங்களிடம் எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை.

1987-ல் ‘ஸ்கம்’ ஆல்பத்தால் பெயர்பெற்ற இங்கிலாந்தின் ‘நாப்பாம் டெத்’ குழுவுக்கு இந்த டெமோ உந்துதலாக இருந்தது. அதனால்தான் இந்த டெமோ உயர்ந்தது என்று சொன்னால் ஏற்கமாட்டேன். அதுவும் தலை எண்ணும் கணக்குத்தான். அந்தக் குழுவின் ஊரான பர்மிங்காம் போய்ச் சேராமல் அந்த கேசட் வழியிலேயே தொலைந்திருந்தாலும், டிரம்ஸில் விழுந்த அடியில் ஒன்றுகூடக் குறைந்திருக்காது.

எங்கள் சீமையின் கணியான் கூத்து இதை எனக்கு இன்னும் தெளிவாக்கியது. சுடலைமாடன் கோயில் கொடையில் மகுடம் என்ற பறையின் தோலை நெருப்பில் வாட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் வாட்டுவார்கள். பிறகு உச்ச மகுடமும் மந்த மகுடமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லத் தொடங்கும். நடுச்சாமம் தாண்டினால் எதிரே இருப்பவர்களில் பாதிப் பேர் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். அதற்காக, கதை பாடும் அண்ணாவி அதைச் சுருக்குவதில்லை. அவர் பாடுவது மாடனுக்கு.

கேட்பவர்கள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். கணியான் கலைஞருக்குக் கூலியும் வேண்டும், மரியாதையும் வேண்டும். அதைக் கொடுப்பது ஊரின் கடமை. ஆனால் அளவுகோலையும் கூட்டத்தின் கையில் கொடுத்துவிட்டால், ஆள் குறைந்த அன்று வேலையும் குறைந்துபோகும். அண்ணாவிக்கு மாடன் அளவுகோல். வேமவுத் இளைஞர்களுக்கு, இன்னும் வேகம் என்ற பிடிவாதம். சிங்கப்பூரில் 1992-ல் தொடங்கிய ‘ருத்ரா’ குழுவுக்கு, வேதாந்தத்தை டெத் மெட்டலில் பாடியே தீருவது என்ற உறுதி. 1994-ல் ஒரு டெமோவோடு புறப்பட்ட அவர்கள் 2022-லும் ஆல்பம் வெளியிட்டார்கள். ஒரு குழு நிலைத்தது, இன்னொன்று கலைந்தது. அது காலத்தின் கையில் இருந்தது. முழுசாகச் செய்வது மட்டும் அவரவர் கையில் இருந்தது.

இங்கேயும் பிள்ளைகள் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, போனிலேயே பதிந்து அனுப்புகிறார்கள். எத்தனை பேர் கேட்டார்கள் என்று நான் விசாரிப்பதில்லை. எதையாவது மிச்சம் வைத்துவிட்டாயா என்றுதான் கேட்கிறேன். எனக்கு நானே கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதுவே.