வலிய ஏற்கும் வருத்தம்

சுமை தூக்கி நடப்பவரையும், இரவெல்லாம் கடலில் வலை இழுப்பவரையும் நாம் அறிவோம். அவர்கள் உடலை வருத்துவது ஏன் என்று எவரும் கேட்பதில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர், விடுமுறை நாள் தவறாமல் நூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கிய கையோடு பத்துக் கிலோமீட்டர் ஓடவும் செய்கிறார் என்றால், ஏன் என்னும் கேள்வி எழாமல் இருப்பதில்லை. அவர் தொழில்முறை வீரர் அல்லர். பரிசுக்கும் வாய்ப்பில்லை.

திருவல்லிக்கேணியில் நமக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் அப்படிப்பட்டவர். வங்கி ஊழியர், இரு குழந்தைகளின் தந்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு மணிக்கு முன்பே புறப்பட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிளைச் செலுத்துகிறார். சுபுஹுத் தொழுகை கோவளத்தில். பிறகு மாமல்லபுரத்தைத் தாண்டிச் சென்று திரும்புவார். சில வாரங்களில் புதுச்சேரி வரை, ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மலேசியாவின் லங்காவித் தீவில் நடைபெறும் போட்டிக்கு ஓராண்டாக ஆயத்தம் செய்தார். 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிளில் சென்று, அதன்பின் 42.195 கிலோமீட்டர் ஓடி முடிக்க வேண்டிய போட்டி அது.

இந்த மூன்றையும் ஒரே நாளில் கோத்தவர்கள் ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்த சிலர். 1978 பிப்ரவரியில் ஒவாஹு தீவில் பதினைந்து பேர் புறப்பட்டு, பன்னிரண்டு பேர் முடித்தனர். முதலில் வந்தவருக்கு 11 மணி 46 நிமிடம் ஆயிற்று. நீந்துபவர் வலியவரா, மிதிப்பவர் வலியவரா, ஓடுபவர் வலியவரா என்ற நண்பர்களின் வாதத்தைத் தீர்க்கப் பிறந்த போட்டி. வாதம் தீர்ந்ததா என்பது வேறு.

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் நாம் இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் புகுவது ஒருவகையில் துணிச்சலே. எனினும் கேள்வி உடற்பயிற்சியைப் பற்றியதன்று. தேவையின்றித் தானே தேடிக்கொள்ளும் வருத்தத்திற்கு மதிப்பு உண்டா என்பதே கேள்வி. வருத்தத்திலேயே ஒரு புனிதம் இருப்பதாக மனிதமனம் எளிதில் நம்பிவிடுகிறது. தன் இரு புதல்வர்களின் தோளைப் பற்றிக்கொண்டு தள்ளாடி நடந்த முதியவர் ஒருவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டார்கள். கஃபாவுக்கு நடந்தே செல்வதாக அவர் நேர்ச்சை செய்திருந்தார். அவர் தம்மையே வதைத்துக்கொள்வது அல்லாஹ்வுக்குத் தேவையில்லை என்று கூறி, வாகனத்தில் ஏறிச் செல்லுமாறு பணித்தார்கள். வணக்கத்திற்காக மேற்கொண்ட வருத்தத்திற்கே இதுதான் விடை என்றால், ஒரு பதக்கத்திற்காக மேற்கொள்ளும் வருத்தத்தை என்னென்பது?

இதை நாம் அவரிடமே கேட்டோம். அவர் சினம் கொள்ளவில்லை. “ஐயா, இதில் வதை குறைவு, அடக்கம்தான் அதிகம்” என்றார்.

அவர் விளக்கியது நமக்குப் புதிது. நெடும்பயிற்சியின் பெரும்பகுதி மெதுவாகச் செல்வதுதானாம். அருகில் செல்பவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம். அந்த வேகத்தில் மணிக்கணக்காக இயங்கும்போதுதான் உடல் கொழுப்பை எரிக்கப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் மாச்சத்து அளவானது. தொடக்கத்திலேயே விரைந்து அதைச் செலவழித்தவர், முப்பதாவது கிலோமீட்டரை ஒட்டிக் கால்கள் கல்லாகி நின்றுவிடுவார். இன்னொன்றும் சொன்னார். பயிற்சி உடலைத் தளர்த்துகிறது; வலுவேறுவது ஓய்வில்தான். ஓய்வைத் திருடுகிறவர் பயிற்சியையே இழக்கிறார்.

இதைக் கேட்டபோது ஸலமா இப்னுல் அக்வஃ (ரலி) அவர்கள் நம் நினைவுக்கு வந்தார்கள். தூகரதிலிருந்து மதீனா திரும்பும் வழியில், யாராலும் முந்த முடியாத அன்ஸாரி ஒருவர், ஓட வருவோர் உண்டா என்று அறைகூவினார். ஸலமா நபியவர்களிடம் அனுமதி பெற்று ஓடினார். ஓரிரு மேடுகள் வரை மூச்சைச் சேமித்துத் தம்மை அடக்கிக்கொண்டு பின்தங்கியே வந்ததாகவும், பிறகு விரைந்து எட்டிப் பிடித்து மதீனாவை முதலில் அடைந்ததாகவும் அவரே அறிவிக்கிறார். அந்த ஓட்டத்தை நபியவர்கள் தடுக்கவில்லை என்பதும் கருதத்தக்கது.

ஆகவே உடலைப் பழக்குவதை நாம் குறைகூற வரவில்லை. நம் ஐயம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு ஞாயிறன்று அவர் வீட்டு வாயிலை அடைந்தபோது கைக்கடிகாரம் 96 கிலோமீட்டர் காட்டியது. எண் முழுமையாகட்டும் என்று தெருத்தெருவாகச் சுற்றி நூறாக்கிவிட்டே இறங்கினார். அந்தக் கணக்கு உடனுக்குடன் நண்பர்களின் கைப்பேசிகளுக்குச் சென்றுவிடும். உள்ளே பசியாற எடுத்துவைத்துவிட்டு மனைவி காத்திருந்தார். இதை நமக்குச் சொன்னவர் அவரேதான், சிரித்துக்கொண்டு. நாம் சிரிக்கவில்லை. 96 வரை உடலுக்காக ஓட்டினார் என்றே வைத்துக்கொள்வோம்; எஞ்சிய நான்கும் யாருக்காக? முகத்துதி என்னும் நோய் இவ்வளவு சிறிய சந்து வழியாகவும் நுழையும்.

அந்த நான்கு கிலோமீட்டருக்கான நேரம் அவருடையது மட்டுமன்று. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பு நோற்று இரவெல்லாம் நின்று வணங்கினார்கள். அது வெளிப்பட்டது எப்படி? அவர்களுடைய தந்தையார் மருமகளிடம் நலம் விசாரித்தபோது, அப்பெண்மணி நயமாகச் சொன்ன சொற்களிலிருந்துதான். உடலுக்கும், கண்ணுக்கும், மனைவிக்கும், விருந்தினருக்கும் உன்மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் எடுத்துரைத்தார்கள். மாதம் மூன்று நோன்பு போதும் என்றார்கள். அவரோ, இதைவிட அதிகம் என்னால் இயலும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் என்னும் தாவூது நபி (அலை) அவர்களின் நோன்பே எல்லை. அதற்குமேல் இல்லை என்று முடிந்தது. முதுமையில் உடல் தளர்ந்தபின், அன்றே அந்தச் சலுகையை ஏற்றிருக்கலாகாதா என்று அப்துல்லாஹ் வருந்தியதும் பதிவாகியுள்ளது.

“இயலும்” என்ற சொல்லை நம் இளைஞரும் அடிக்கடி சொல்வார். இயலுவதெல்லாம் செய்யத்தக்கது என்று அச்சொல்லுக்குப் பொருள் இல்லை. இதை அவரிடம் சற்றுக் கடுமையாகவே கூறினோம். அவர் வாதிடவில்லை, ஒப்புக்கொள்ளவுமில்லை. ஆனால் அடுத்த மாதம் முதல் நெடும்பயணத்தை ஒருவாரம் விட்டு ஒருவாரமாக மாற்றிக்கொண்டார். நம் சொல்லா, அவர் மனைவியின் மௌனமா, காரணம் எதுவென்று நாம் கேட்கவில்லை.

போட்டிக்கு முந்திய இரண்டு வாரங்கள் பயிற்சியை வெகுவாகக் குறைக்க வேண்டும் என்பது இத்துறையின் விதி. ஓராண்டில் அவருக்கு மிகக் கடினமாக இருந்தவை அந்த இரண்டு வாரங்கள்தாமாம். ஞாயிறன்று விடிந்தும் வீட்டிலிருந்த அவரைப் பார்த்து, “அத்தாவுக்குக் காய்ச்சலா?” என்று இளைய மகள் தாயிடம் கேட்டாளாம்.