துறவி நண்டுக்கு எவ்வளவு இடம் போதும்?

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். போன செமஸ்டர் விடுமுறையில், உயிரோடு இருந்திருக்கக்கூடிய ஒரு பிராணியை வீட்டுக்குப் பின்னால் உள்ள லோங்காங்கில் கொட்டினேன். "இருந்திருக்கக்கூடிய" என்று நான் இழுப்பதற்குக் காரணம், அது செத்திருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். பசார் மாலாமில் தங்கச்சி அடம்பிடித்து மூன்று துறவி நண்டுகளை வாங்கினாள். மலாய்க்காரர்கள் உமாங்-உமாங் என்பார்களே, காலிச் சங்குக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு திரியுமே, அதே நண்டு. ஒன்றின் ஓட்டில் கால்பந்து, இன்னொன்றில் சிரிக்கும் முகம் என்று பெயிண்ட் அடித்திருந்தார்கள். கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டி, நீலக் கல், ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம். எல்லாம் சேர்த்து 25 வெள்ளி. பார்த்துக்கொள்வது ரொம்ப சுலபம், இந்தப் பெட்டியே போதும் என்றார் கடைக்காரர். நாங்களும் நம்பினோம்.

மூன்றாவது வாரம் ஒரு நண்டு மூலையில் ஒடுங்கியது. நீலக் கல்லைக் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு, பிறகு அசையவே இல்லை. பத்து நாள் போச்சு. "செத்துருச்சுடா, தூக்கிப் போடு, எறும்பு வரும்" என்றார் அம்மா. போட்டேன்.

அதற்குப் பிறகுதான் படித்தேன். (முதலில் வாங்கி, பிறகு படிப்பது நம்மில் பலருக்குப் பழக்கம்தானே.) இந்த நண்டு வளரும்போது மேல்தோட்டைக் கழற்ற வேண்டும். அதற்காக ஈர மணலுக்குள் புதைந்து வாரக்கணக்கில், பெரியதாக இருந்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். கழற்றிய தோட்டைத் தானே தின்று, அதிலுள்ள கால்சியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். புதைய மணல் இல்லாவிட்டால் வெளியிலேயே கழற்றும். அப்போது மெத்தென்று இருக்கும் உடம்பை மற்ற நண்டுகள் கடித்துத் தின்றுவிடலாம். செத்த நண்டை எப்படிக் கண்டுபிடிப்பது? அழுகின மீன் மாதிரி நாறும். எங்கள் பெட்டியில் நாத்தமே இல்லை.

நான் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறேன். தொட்டி கட்டுவது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. தேவை எவ்வளவு என்று முதலில் கேள், கொள்ளளவை அப்புறம் முடிவு செய் என்றுதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். நண்டு விஷயத்தில் நான் அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறேன். மேசையில் எவ்வளவு இடம் இருக்கிறது, பையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று பார்த்து, நண்டை அதற்குள் அடக்கினேன். நண்டு அடங்கியும் விட்டது. அதுதான் பிரச்சினை. அடங்கிவிட்டதால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, அதற்கு என்னதான் தேவை? எல்லாரும் எத்தனை லிட்டர் தொட்டி என்றே கேட்கிறார்கள். சிறிய நண்டுகள் இரண்டு மூன்றுக்குக் குறைந்தது 10 கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். ஆனால் லிட்டர் கணக்கு மட்டும் ஏமாற்றும். 75 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 67.5 லிட்டர். அதையே நிமிர்த்தி வைத்தாலும் அதே 67.5 லிட்டர்தான். ஆனால் படுத்த தொட்டியின் தரை 2,250 சதுர சென்டிமீட்டர். நிமிர்ந்த தொட்டிக்கு வெறும் 900. நண்டு மீன் இல்லை, தரையில் நடக்கிற ஜாதி. இரவெல்லாம் நடக்கும். தங்கமீன் வைக்கும் வட்டக் கிண்ணம் இன்னும் மோசம். 25 சென்டிமீட்டர் விட்டம் என்றால் சுமார் 490 சதுர சென்டிமீட்டர்தான் வரும். பார்க்க மட்டும் அழகு, அதுவும் வெளியில் நிற்கிற நமக்கு.

தரை மட்டும் போதாது, ஆழமும் வேண்டும். மணல் குறைந்தது 15 சென்டிமீட்டர்; பெரிய நண்டாக இருந்தால் அதன் உயரத்தைப் போல மூன்று மடங்கு. மணல் ஐந்து பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, கடற்கரையில் வீடு கட்டி விளையாடும் பதத்துக்கு ஈரம். மேலே ஏறுவதற்குக் கட்டை. அதனால் 30 உயரமும் பத்தாது என்று கடைசியில் 45 உயரத் தொட்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினேன். மணல் மட்டும் 50 கிலோவைத் தாண்டியது. அப்பாவின் மேசை தாங்காது என்று சிமெண்டுத் தரையில் பலகை போட்டு வைத்திருக்கிறேன். கண்ணாடி மூடி அவசியம். இந்த நண்டு செவுளால்தான் மூச்சு விடுகிறது. காற்றில் ஈரம் 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கம்பிக் கூண்டில் போட்டால் செவுள் காய்ந்து, மெதுவாக மூச்சு முட்டிச் சாகும். இரண்டு கிண்ணம்: ஒன்றில் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர், இன்னொன்றில் கடல் மீன் வளர்ப்பவர்கள் வாங்கும் உப்பைக் கரைத்த தண்ணீர். சமையல் உப்பு ஆகாது. நம்ம ஊர் சூட்டுக்கு ஹீட்டர் தேவையில்லை, அது ஒன்றுதான் மிச்சம்.

துறவி என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் இதை ஒழுங்காகப் பார்க்கவில்லை. இது கூட்டமாக வாழ்கிற பிராணி. புதுச் சங்கு ஒன்று கிடைத்தால் சில சமயம் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாக நிற்கும். முதலாவது புது வீட்டுக்கு மாறியதும் அது விட்ட சங்கில் இரண்டாவது, இரண்டாவது விட்டதில் மூன்றாவது என்று மளமளவென்று மாறிக்கொள்ளும். அதனால் பெயிண்ட் அடிக்காத காலிச் சங்குகளும் பல அளவில் தொட்டியில் கிடக்க வேண்டும். ஒற்றை நண்டுக்கு எவ்வளவு பெரிய தொட்டி வைத்தாலும் அதில் ஒரு குறை இருக்கிறது.

தொட்டியைப் பார்த்த பாட்டி சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "லயத்துல ஒரே ரூம்புல எட்டு பேரு கெடந்தோம். மனுசனுக்கே எடம் இல்ல, நண்டுக்கு பங்களாவா?"

இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. செர்டாங் பக்கத்துத் தோட்டத்தில் பாட்டி பால்மரம் வெட்டிய காலத்தில், ஒரு குடும்பத்துக்கு எத்தனை அடி போதும் என்று முடிவு செய்தவர் அந்த ரூம்பில் படுத்துத் தூங்கியவர் இல்லை. இன்றைக்கு நம் நாட்டில் தொழிலாளர் தங்குமிடத்துக்குச் சட்டம் இருக்கிறது. 2020 விதிமுறைகளின்படி ஒருவர் படுக்க டோர்மிட்டரியில் 3 சதுர மீட்டர், மற்ற வீடுகளில் 3.6 சதுர மீட்டர். மனுசனுக்கே அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள். இதில் நான் நண்டுக்கு டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தால் பாட்டிக்குக் கோபம் வராதா?

ஆனால் ஒரு நாள் சாயங்காலம் நானே அவரிடம் கேட்டேன், எப்படி பாட்டி அந்த ரூம்பில் இருந்தீங்க என்று. "ரூம்புல யாரு இருந்தா? தூங்கத்தான் உள்ள போவோம். வாசல்ல அடுப்பு, எதுக்க கோயில், பின்னாடி ஆறு. உள்ள சின்னது, வெளிய ஊரே இருந்துச்சு." பாட்டி இதை எனக்குப் பதிலாகச் சொல்லவில்லை, பழைய நினைவில் சொன்னார். எனக்கோ அந்தப் பெட்டிதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்கு வாசல் இல்லை. நண்டுக்கு வெளியே என்று ஒன்று இல்லவே இல்லை.

நண்டுக்கு வலிக்குமா, அதற்கு என்ன தெரியும் என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட், மிர்ஜம் ஆப்பெல் என்ற இருவர் கடலில் வாழும் துறவி நண்டுகளை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஓட்டுக்குள் லேசாக மின்சாரம் பாய்ச்சினார்கள். பிடிக்காத சங்கில் இருந்த நண்டுகள்தான் அதிகமாக வெளியேறின. பிடித்த சங்கில் இருந்தவை பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தன. (நண்டுக்குப் பல் ஏது என்று கேட்காதீர்கள்.) சுட்டதும் கையை இழுப்பது போன்ற வெறும் அனிச்சைச் செயலாக இருந்தால், எந்தச் சங்காக இருந்தாலும் ஒரே மாதிரிதானே ஓட வேண்டும்? இது வீட்டையும் வேதனையையும் எடை போட்டுப் பார்த்திருக்கிறது. 2022இல் பிரிட்டன் விலங்குகளின் உணர்திறனை ஏற்று இயற்றிய சட்டத்தில் நண்டு வகைகளையும் சேர்த்தது. நாமோ அஹிம்சை, ஜீவகாருண்யம் என்று பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவர்கள். நானும் ஒன்று வாங்கியிருக்கிறேன், அது அந்த பிளாஸ்டிக் பெட்டிக்கு மேலே உள்ள அலமாரியில்தான் இருந்தது.

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கொடிக்குக் குச்சி நட்டால் போதாதா, தேர் எதற்கு, இது கொடைமடம் இல்லையா என்று பட்டிமன்றத்தில் கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அளவில் பாரி மிகையாகக் கொடுத்திருக்கலாம், ஆனால் கொடுத்த பொருளில் அவன் தவறவில்லை. கொடிக்கு வேண்டியது பற்றி ஏற ஒன்று, அதைத்தான் கொடுத்தான். நான் என் நண்டுக்கு நீலக் கல்லும் பிளாஸ்டிக் தென்னையும் கொடுத்தேன். அதற்கு வேண்டியது மணல்.

பெரிய தொட்டி வைத்துவிட்டதால் கணக்குத் தீர்ந்ததா என்றால், இல்லை. இந்த நண்டின் குஞ்சுகள் கடலில் மிதந்து வளர்ந்து, பிறகுதான் கரைக்கு ஏறும். வீட்டில் இனப்பெருக்கம் செய்ய வைப்பது மிக மிக அரிது. அப்படியென்றால் பசார் மாலாமில் விற்பது பெரும்பாலும் ஏதோ ஒரு கடற்கரையில் பொறுக்கியதாகத்தான் இருக்கும். 30 வருஷம்கூட வாழக்கூடிய உயிர். ஜப்பான் 1970இலேயே இந்தத் தரை நண்டுகளை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்துக் காப்பாற்றி வருகிறது. ஆகவே வாங்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. நல்ல தொட்டி என்பது வாங்கிவிட்டவன் செய்யும் பரிகாரம், வாங்குவதற்கான அனுமதி அல்ல.

அப்படியானால் கொண்டுபோய் விட்டுவிடலாமே என்றான் ஒரு நண்பன். எங்கே விடுவது? எங்கள் பண்டார் பாரு மாவட்டத்துக்குக் கடலே கிடையாது. கிரியான் ஆறு ஓடுகிறது, ஒரு பக்கம் பினாங்கு, ஒரு பக்கம் பேராக். லங்காவியிலோ பந்தாய் மெர்டேக்காவிலோ விடலாம். ஆனால் இவை எந்தக் கடற்கரையிலிருந்து வந்தவை என்று எனக்குத் தெரியாது. கடைப் பெட்டியில் நோய் ஏதும் ஒட்டியிருந்தால் அதை அங்குள்ள நண்டுகளுக்கும் கொடுத்தவன் ஆவேன். விடுதலை கொடுத்த புண்ணியம் எனக்கு, விளைவு அவற்றுக்கு. அதற்கும் மனம் வரவில்லை.

இப்போது இருப்பது இரண்டு. சிரித்த முகம் பெயிண்ட் சங்கை விட்டுவிட்டுச் சாதாரணச் சங்குக்கு மாறிவிட்டது. இன்னொன்று ஐந்து வாரத்துக்கு முன் மணலுக்குள் இறங்கியது, இன்னும் வரவில்லை. தோண்டிப் பார்க்கக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன், அம்மா உட்பட. நான் கேம்பஸுக்குத் திரும்பிவிட்டதால் தண்ணீர் மாற்றுவது தங்கச்சி பொறுப்பு. தினமும் ராத்திரி மூடியைக் கொஞ்சம் தூக்கி மோந்து பார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்புகிறாள். நேற்று வந்தது: "நாத்தம் இல்லண்ணே."